மீதி நிலத்தின் விலை

ஜனப்பன்சத்திரம் கூட்டுரோட்டிலிருந்து கவரைப்பேட்டை, கும்மிடிப்பூண்டி வழியாக ஆரம்பாக்கம் வரை கொல்கத்தா நெடுஞ்சாலையில் பயணம் செய்தால், இந்தப் பகுதியில் நிலம் எந்த வரிசையில் கைமாறியிருக்கிறது என்பது சாலையிலிருந்தே தெரியும். சாலையை ஒட்டி குடோன், லாரி நிறுத்துமிடம், எடைமேடை, பழைய இரும்புக் கிடங்கு. அவற்றின் காம்பவுண்டுச் சுவருக்குப் பின்னால் நெல், வேர்க்கடலை. பல இடங்களில் பயிரே இல்லாமல் வேலிகாத்தான். முன்பக்கம் விற்கப்பட்டுவிட்டது. பின்பக்கத்தை உடையவர் வைத்துக்கொண்டிருக்கிறார்.

தொழில் வளாகங்களை அமைக்கும் தமிழ்நாடு அரசு நிறுவனமான சிப்காட் 1971இல் தொடங்கப்பட்டது. கும்மிடிப்பூண்டி அதன் பழைய தொழில் வளாகங்களுள் ஒன்று. பிறகு தேர்வாய்கண்டிகை வந்தது. சென்னை–பெங்களூரு தொழில் வழித்தடத் திட்டம் பொன்னேரியை ஒரு மையமாகக் குறித்தது. எண்ணூர் துறைமுகத்திலிருந்து தச்சூர் வழியாக மாமல்லபுரம் செல்லும் சென்னை எல்லைச் சாலையும், தச்சூரிலிருந்து சித்தூர் செல்லும் ஆறுவழிச் சாலையும் நிலத்தின் மதிப்பை மாற்றின. இந்த நாற்பது ஐம்பது ஆண்டுகளில் இங்குள்ள குடும்பங்கள் பெரும்பாலும் நிலம் முழுவதையும் ஒரே நாளில் விற்றுவிடவில்லை. மகள் கல்யாணத்துக்கு ஒரு ஏக்கர், கடனுக்கு ஐம்பது சென்ட், மகன் படிப்புக்கு இன்னொரு துண்டு என்று பகுதி பகுதியாகவே விற்றார்கள். 2015-16 வேளாண் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் ஒரு விவசாயக் கைப்பற்றின் சராசரி 0.75 ஹெக்டேர், அதாவது இரண்டு ஏக்கருக்கும் குறைவு. அந்த அளவில் ஒரு துண்டை விற்பதென்றால் விற்பதும் வைத்துக்கொள்வதும் ஏறக்குறைய சமமான தீர்மானங்கள்.

ஆனால் பேரம் நடக்கும்போது பேசப்படுவது விற்கப்போகும் சென்ட்டின் விலை மட்டும். புரோக்கர் அதைத்தான் பேசுவார், வாங்குபவர் அதைத்தான் கேட்பார், வீட்டில் இருப்பவர்களும் வரப்போகும் பணத்தைத்தான் எண்ணுவார்கள். விற்ற பிறகு மீதி நிலத்தின் மதிப்பு எவ்வளவு, விற்பதற்கு முன் அதே மீதி எவ்வளவு பெறும் என்ற கணக்கை யாரும் போடுவதில்லை. என் கருத்தில், பகுதி விற்பனையில் முதலில் போட வேண்டிய கணக்கு அதுதான்.

அரசு நிலம் எடுக்கும்போது இந்தக் கணக்கு சட்டத்திலேயே இருக்கிறது. தச்சூர்–சித்தூர் சாலை சுமார் 116 கிலோமீட்டர். ஊத்துக்கோட்டை வட்டத்தில் விவசாயிகள் ஆண்டுக்கணக்கில் எதிர்த்த திட்டம் அது. பழைய சாலையை அகலப்படுத்தாமல் வயல்களுக்கு நடுவே புதிதாகப் போடப்படும் சாலை என்பதால் அது பலருடைய சர்வே எண்களை இரண்டாக வெட்டிச் செல்கிறது. கிணறு ஒரு பக்கம், பயிர் மறுபக்கம். தேசிய நெடுஞ்சாலைகள் சட்டம் 1956இன் 3ஜி பிரிவு, இழப்பீட்டை நிர்ணயிக்கும்போது எடுத்த நிலத்தின் சந்தை மதிப்போடு, அதை உடையவரின் மற்ற நிலத்திலிருந்து துண்டித்ததால் ஏற்படும் சேதத்தையும் கணக்கில் எடுக்கச் சொல்கிறது. 2013ஆம் ஆண்டின் நில எடுப்புச் சட்டத்தின் 28ஆம் பிரிவும் அதையே சொல்கிறது. அதற்கு முந்தைய 1894ஆம் ஆண்டுச் சட்டத்திலும் அது இருந்தது. ஒரு வீட்டின் ஒரு பகுதியை மட்டும் எடுக்க அரசு முனைந்தால், எடுப்பதானால் முழுவதையும் எடுத்துக்கொள் என்று கேட்கும் உரிமையும் உடையவருக்கு உண்டு. இங்கிலாந்தில் ரயில் பாதைகள் பண்ணைகளை வெட்டிச் சென்ற காலத்தில், 1845இல் வந்த சட்டம், இரண்டாகப் பிளந்த நிலத்தின் உடையவருக்காக வாயில்களும் பாலங்களும் அடிவழிகளும் கட்டித் தர ரயில் கம்பெனிகளைக் கட்டாயப்படுத்தியது. மீதி நிலமும் ஒரு சொத்து, அதற்கும் சேதம் உண்டு என்பது நூற்றெண்பது ஆண்டுகளாகச் சட்டம் ஒப்புக்கொண்ட உண்மை.

விருப்பத்தோடு விற்கும்போது அந்தப் பாதுகாப்பு கிடையாது. தன் கையாலேயே தன் நிலத்தைத் துண்டிக்கும் விவசாயிக்குத் துண்டிப்புச் சேதத்தை யாரும் கணக்கிட்டுத் தரமாட்டார்கள். அவர் அதை விலையில் கேட்க வேண்டும், அல்லது பத்திரத்தில் எழுதித் தடுக்க வேண்டும்.

ஒரு கணக்கு வைத்துப் பார்ப்போம். தெற்கே சாலை. சாலை முகப்பு 150 அடி, உள்ளே ஆழம் சுமார் 871 அடி. மொத்தம் மூன்று ஏக்கர். தொழிற்கூடம் கட்ட ஒருவர் முன்பக்கம் ஒரு ஏக்கர் கேட்கிறார். முகப்பு முழுவதையும் கொடுத்தால் அவருக்கு 150 அடிக்கு 290 அடி போகும். மீதி இரண்டு ஏக்கருக்குச் சாலையே இல்லை. அதே ஒரு ஏக்கரை 120 அடி முகப்பும் 363 அடி ஆழமுமாக அளந்து கொடுத்தால், மேற்குப் பக்கம் 30 அடி அகலத்தில் ஒரு பாதை உடையவரிடமே நிற்கிறது. அந்தப் பாதை 25 சென்ட். விற்ற பரப்பு இரண்டு வகையிலும் ஒரு ஏக்கர்தான், வைத்துக்கொண்ட பரப்பு இரண்டு வகையிலும் இரண்டு ஏக்கர்தான். முதல் வகையில் பின்நிலத்தை வாங்க முன்னால் இருப்பவர் ஒருவரைத் தவிர வேறு ஆள் வரமாட்டார். அவர் சொல்வதுதான் விலை. இரண்டாவது வகையில் பின்னால் இருக்கும் ஒன்றே முக்கால் ஏக்கர் கண்டெய்னர் லாரி போகும் நிலம். முகப்பில் 30 அடி குறைகிறதே என்று வாங்குபவர் விலையைக் கொஞ்சம் இறக்கினாலும் நஷ்டமில்லை.

பாதை விடவில்லை என்றாலும் சட்டம் வழி தருமே என்பார்கள். தரும். இந்திய வசதியுரிமைச் சட்டம் 1882இன் 13ஆம் பிரிவின்படி, ஒருவர் தன் நிலத்தின் ஒரு பகுதியை விற்று, மீதிக்குப் போக விற்ற பகுதியைக் கடந்தே தீர வேண்டும் என்றால், விற்றவருக்கு அதன் வழியே செல்லும் உரிமை உண்டு. ஆனால் அந்த உரிமை எவ்வளவு ஒல்லியானது என்பதை அதே சட்டத்தின் அடுத்த பிரிவுகளில்தான் படிக்க வேண்டும். வேறு வழி அறவே இல்லாத நிலையில்தான் அது கிடைக்கும். சுற்றிக்கொண்டு போகும் கரடுமுரடான வரப்பு ஒன்று இருந்தாலும் நீதிமன்றம் தயங்கும். 41ஆம் பிரிவின்படி, வேறு வழி பிறந்த அன்றே அந்த உரிமை முடிந்துவிடும். இந்தத் தொழிற்பகுதிக்கு எல்லாவற்றையும்விட முக்கியமானது 28ஆம் பிரிவு: அவசியத்தால் பிறந்த வழியுரிமை, அது பிறந்த நாளில் என்ன தேவை இருந்ததோ அந்த அளவுக்கு மட்டுமே. விற்ற நாளில் பின்நிலத்துக்கு டிராக்டரும் எருவண்டியும் போய்க்கொண்டிருந்தால், அந்த உரிமையும் அவற்றோடு நிற்கும். இருபது வருடம் கழித்து மகன் அங்கே ஷெட் போட நினைத்து ட்ரெய்லர் கொண்டுவந்தால், முன்னால் இருப்பவர் கேட்டைச் சாத்தலாம். சட்டம் அவர் பக்கம் நிற்கும்.

ஆகவே வழியுரிமையாகக் கேட்டு வாங்குவதைவிடப் பாதை நிலத்தை விற்காமலே வைத்துக்கொள்வது நல்லது. அப்படி வைத்துக்கொண்டால் கிரயப் பத்திரத்தின் சொத்து விவரத்தில் அது தெளிவாக நிற்க வேண்டும். கிழமேல் இருபுறமும் 120 அடி, தென்வடல் இருபுறமும் 363 அடி என்று அளவு கொடுத்து, நான்கெல்லை சொல்லும் செக்குபந்தியில் மேற்கெல்லையாக, நான் என் உபயோகத்துக்கு நிறுத்திக்கொண்ட 30 அடிப் பாதைக்கும் கிழக்கு என்று எழுத வேண்டும். அந்தப் பாதையில் கிரயதாரருக்குப் பாத்தியம் உண்டா இல்லையா என்பதையும் ஒரு வரியில் சொல்லிவிட வேண்டும். சொல்லாமல் விட்டால், எல்லையில் பாதை என்று இருக்கிறதே, எனக்கும் வழி உண்டு என்று அவர் தன் பக்கம் ஒரு கேட் வைப்பார். பத்தாண்டு கழித்து உரிமையியல் நீதிமன்றத்தில் பேச வேண்டியதை அன்றைக்கு ஒரு வரியில் முடித்துவிடலாம்.

இனி அளவுக்கு வருவோம். பட்டாவில் ஒரு பரப்பு, தாய்ப்பத்திரத்தில் ஒரு பரப்பு, தரையில் ஒரு பரப்பு என்று மூன்றும் வேறுபடுவது இங்கே சாதாரணம். பத்திரம் ஏக்கர் சென்ட்டில் பேசும், பட்டா ஹெக்டேர் ஏர்ஸில் பேசும். ஒரு ஏர்ஸ் சுமார் இரண்டரை சென்ட். மூன்று ஏக்கர் என்று காலங்காலமாகச் சொல்லிவந்த நிலம் அளந்தால் இரண்டு ஏக்கர் எண்பத்தைந்து சென்ட்டாக இருக்கலாம். அளக்காமல் அதில் ஒரு ஏக்கர் என்று விற்றுவிட்டால், வாங்கியவர் தன் பங்குக்கு முழு ஒரு ஏக்கரை அளந்து கல் நட்டுச் சுவர் எழுப்பிவிடுவார். குறைந்த பதினைந்து சென்ட்டும் விற்றவர் தலையில் விழும். பரப்பும் எல்லையும் முரண்பட்டால் எல்லையே மேலோங்கும் என்பது நீதிமன்றங்கள் பொதுவாகப் பின்பற்றும் நெறி. எல்லையை எழுதும் நாளில் விற்பவர் அங்கே நிற்க வேண்டும்.

நில அளவர் வரும் காலையில் என்ன நடக்கிறது என்று நெருங்கிப் பார்த்தால் இது புரியும். அவர் கையில் புல வரைபடம். அதில் புலத்தின் ஒரு மூலைக்கல்லிலிருந்து எதிர்மூலைக்கு ஒரு கோடு. அந்தக் கோட்டிலிருந்து வளைவுகளுக்கும் முனைகளுக்கும் செங்குத்தாகச் சின்னச் சின்ன அளவுகள். அவர் முதலில் தேடுவது பழைய கல்லை. கல் மண்ணில் புதைந்திருக்கும், அல்லது வரப்பு வெட்டும்போது பெயர்ந்திருக்கும். கல் கிடைக்காவிட்டால் பக்கத்துப் புலத்துக் கல்லிலிருந்து அளந்து வந்து இடத்தைக் குறிப்பார். கயிறு பிடிப்பவர் யார், வரப்பின் நடுவிலா ஓரத்திலா கல் நடுவது என்பதில் ஓர் அடி அங்கே இங்கே போகும். 363 அடி நீளத்தில் ஓர் அடி அகலம் போனால் முக்கால் சென்ட்டுக்கும் சற்று அதிகம். இதெல்லாம் பத்திரம் பதிவாவதற்கு முன் நடந்தால் இரண்டு தரப்பும் பேசித் தீர்க்கலாம். பதிவுக்குப் பிறகு நடந்தால் வழக்கு.

தமிழ்நாட்டில் நடைமுறை பெரும்பாலும் பின்னதாகவே இருக்கிறது. முதலில் பதிவு, அதன் பிறகு உட்பிரிவுடன் கூடிய பட்டா மாறுதலுக்கு விண்ணப்பம், பிறகு அளவர், பிறகு வட்டாட்சியர் உத்தரவு. இடைப்பட்ட காலத்தில், உதாரணமாக 112/3 என்ற சர்வே எண், உட்பிரிவு ஆகாமல் ஒரே எண்ணாகக் கிடக்கிறது. சில இடங்களில் உட்பிரிவே செய்யாமல் வாங்கியவர் பெயரைக் கூட்டுப் பட்டாவில் சேர்த்துவிடுகிறார்கள். அப்போது விற்றவர் மீதி நிலத்துக்குப் பயிர்க்கடன் கேட்டுப் போனாலும், அடுத்த துண்டை விற்கப் போனாலும், தன் பட்டாவில் ஒரு கம்பெனியின் பெயர் நிற்பதற்கு விளக்கம் சொல்லிக்கொண்டிருக்க வேண்டும். கர்நாடகத்தில் ஒரு சர்வே எண்ணின் பகுதியை விற்பதானால் 11இ எனப்படும் அளவை வரைபடத்தை முன்னதாகவே வாங்கியாக வேண்டும். அந்த ஏற்பாடு இங்கேயும் வர வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். அதுவரை, விற்பவர் தாமே அளந்து, வரைபடத்தைப் பத்திரத்தோடு இணைத்துப் பதிவு செய்யலாம். 1908ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டத்தின் 21ஆம் பிரிவு அதற்கு இடம் தருகிறது.

கிணறும் மின் இணைப்பும் இதே வகைச் சிக்கல்கள். கிணறு எந்தத் துண்டில் விழுகிறது என்று பார்க்காமல் கோடு போட்டால், மீதி நிலம் மானாவாரியாகிவிடும். கிணற்றில் பாதிப் பங்கு என்று எழுதினால் மட்டும் போதாது. மோட்டார் வைக்க இடம், பைப் போகும் பாதை, எந்த நாள் யாருடைய முறை என்பதெல்லாம் எழுதப்பட வேண்டும். விவசாய இலவச மின் இணைப்பு அந்தக் கிணற்றுக்கும் சர்வே எண்ணுக்கும் கொடுத்தது. கிணறு தொழிற்கூடத்துக்குள் போனபின் அந்த இணைப்பைப் பின்நிலத்துக்குத் தானாக இழுத்துக்கொள்ள முடியாது.

நிலத்தை விற்பவர்கள் மழைநீரை மறந்தேபோகிறார்கள். இந்தப் பகுதி ஏறக்குறைய சமதரை. தொழிற்கூடம் கட்டுபவர் கிராவல் கொட்டி நாலைந்து அடி உயர்த்துவார். பின்வயல் நீர் சாலையோர வாய்க்காலுக்குப் போகும் வழி அடைபடும். வடகிழக்குப் பருவமழையில் வைத்துக்கொண்ட நிலம் குளமாகும். மேட்டு நிலத்து மழைநீர் தாழ்நிலத்தின் வழியே இயல்பாக ஓடுவதற்கு விட வேண்டும் என்று வசதியுரிமைச் சட்டத்தின் 7ஆம் பிரிவே சொல்கிறது. ஆனால் வழக்காடித் தீர்ப்பு வாங்குவதற்குள் எத்தனை போகம் மூழ்கும்? வாய்க்காலின் அகலத்தையும் அது போகும் பக்கத்தையும் வரைபடத்தில் காட்டிவிடுவதே வழி.

ஆவணங்களைப் பற்றி ஒன்று. முழுப் பணம் வாங்கிவிட்டால் மூலப் பத்திரத்தையும் கொடுத்துவிட வேண்டும் என்று வாங்குபவர்கள் வற்புறுத்துவதுண்டு. சொத்து மாற்றுச் சட்டம் 1882இன் 55ஆம் பிரிவு வேறு விதமாகச் சொல்கிறது: பத்திரத்தில் அடங்கிய சொத்தின் ஒரு பகுதியை விற்பவர் தன்னிடம் நிறுத்திக்கொண்டால், மூல ஆவணங்கள் அனைத்தையும் தன்னிடமே வைத்துக்கொள்ள அவருக்கு உரிமை உண்டு. வாங்கியவர் நியாயமாகக் கேட்கும்போது அசலைக் காட்டுவதும், அவர் செலவில் நகல் தருவதும்தான் அவர் கடமை. தாய்ப்பத்திரத்தை இழந்தவர் மீதி நிலத்தை விற்கவோ அடமானம் வைக்கவோ போகும்போதுதான் இதன் அருமை தெரியும்.

குடும்பத்தில் யார் யார் கையெழுத்து வேண்டும் என்பதும் அதேபோல. பூர்வீகச் சொத்தில் மகள்களுக்குத் தமிழ்நாட்டில் 1989இலும் நாடு முழுவதும் 2005இலும் வந்த சட்டத் திருத்தங்கள் பங்கு கொடுத்தன. 2020 ஆகஸ்டில் வினிதா சர்மா வழக்கில் உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது. சகோதரிகளைக் கேட்காமல் முன்பக்கத்தை விற்றுவிட்டால், பிறகு வரும் பாகப்பிரிவினை வழக்கில் விற்ற பகுதியை விற்றவரின் பங்கிலேயே கழிக்கச் சொல்லிக் கேட்பார்கள். அப்படிக் கழித்தால் அவர் வைத்துக்கொண்டதாக நினைத்த பின்நிலம் அவருடையதாக இருக்காது.

முகப்பை மனைகளாகப் பிரித்து விற்கலாம் என்ற யோசனையும் இங்கே அடிக்கடி எழும். 2016 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் போட்ட தடையும், அதே ஆண்டு அக்டோபர் 20 முதல் நடைமுறைக்கு வந்த பதிவுச் சட்டத்தின் 22ஏ பிரிவும், அங்கீகாரம் இல்லாத மனைகளின் பதிவை நிறுத்தின. நல்லதே நடந்தது. சாலையும் சாக்கடையும் இல்லாமல் கூறுபோட்ட வயல்கள் செங்குன்றம் தொடங்கி வடக்கே எத்தனையோ கிடக்கின்றன.

இந்த மாவட்டத்துக்கே உரிய ஒரு வரலாற்றையும் சொல்ல வேண்டும். திருவள்ளூர் 1997 வரை செங்கல்பட்டு மாவட்டத்தோடு இருந்தது. அந்தச் செங்கல்பட்டில் கலெக்டராக இருந்த ட்ரெமன்ஹீர் 1891இல் ஒடுக்கப்பட்ட மக்களின் நிலையைப் பற்றிக் கொடுத்த அறிக்கைதான் 1892ஆம் ஆண்டுப் பஞ்சமி நில ஆணைக்கு வித்து. அந்த ஆணைப்படி ஒடுக்கப்பட்டோருக்குக் கொடுத்த நிலத்தைப் பத்தாண்டு வரை யாருக்கும் விற்கக் கூடாது, பிறகும் அதே வகுப்பினருக்கே விற்கலாம் என்பது நிபந்தனை. இன்றைய பட்டாவில் அந்த அடையாளம் தெரியாமல் போயிருக்கலாம். பழைய அ-பதிவேட்டிலும் நிலவரித்திட்டப் பதிவேட்டிலும் தெரியும். மூன்று ஏக்கரில் ஒரு சர்வே எண் பஞ்சமியாக இருந்தால், அதை அந்த வகுப்பைச் சேராதவருக்கு விற்கும் பத்திரம் செல்லாது. தொழில் வளர்ச்சியின் பெயரால் அந்த நிலங்கள் கைமாறியது இந்த வட்டாரத்தின் தீராத அநீதி.

பத்திரத்தில் எழுதவே முடியாத மீதியும் உண்டு. தேர்வாய்கண்டிகையில் சிப்காட் பூங்காவுக்காக எடுக்கப்பட்ட ஆயிரத்துச் சொச்சம் ஏக்கரில் பெரும்பகுதி மேய்க்கால் நிலம், யாருடைய பட்டாவிலும் இல்லாத ஊர்ப்பொது. மிச்செலின் டயர் நிறுவனம் 2009இல் அரசோடு ஒப்பந்தம் போட்டு அங்கே தொழிற்சாலை அமைத்தது. பெரும்பாலும் தலித் மக்கள் வாழும் அந்த ஊர் போராடியது. 2012இல் புகார் பிரான்ஸ் வரை போனது. அங்கே பலர் தங்கள் சொந்த நிலத்தில் ஒரு சென்ட்டும் விற்கவில்லை. ஆனால் மாடு மேயப் போகும் இடமும், ஏரிக்கு நீர் இறங்கிவந்த புதர்க்காடும் போனபிறகு, விற்காத பட்டா நிலத்தில் முன்போல விவசாயம் செய்ய முடியாது. பகுதி விற்பனைக்கும் இது பொருந்தும். பக்கத்து நிலங்கள் எல்லாம் விற்றுப்போய், ஏரிப் பாசனத்தில் கடைசி ஆளாக ஒருவர் மட்டும் நின்றால் வாய்க்காலைத் தூர் வார அவரோடு யார் வருவார்கள்?

அதனால் விற்காமல் வேறு வகையில் பணம் காண முடியுமா என்றும் பார்க்க வேண்டும். புனே அருகே மகர்பட்டாவில் சுமார் நூற்றிருபது விவசாயக் குடும்பங்கள் தங்கள் நானூறு ஏக்கரைத் தனித்தனியாக விற்காமல், ஒன்றாகக் கம்பெனி அமைத்துப் பங்குதாரர்களாகித் தாங்களே நகரம் கட்டினார்கள். அது தலைமையும் உறவுக்கட்டும் ஒரே இடத்தில் கூடிவந்த அரிய சம்பவம். எல்லா ஊரிலும் நடக்காது. முகப்பைக் குடோனுக்கு நீண்டகாலக் குத்தகைக்கு விடுவது இந்த நெடுஞ்சாலையில் எளிதாக முடியக்கூடியது. கையில் ஒரே நாளில் பெருந்தொகை வராது, ஆனால் பாதை, கிணறு, பத்திரம் எதுவும் கைவிட்டுப் போவதில்லை.

வருமான வரி பற்றிச் சுருக்கமாக: நகர எல்லைக்கு வெளியே, மக்கள்தொகையைப் பொறுத்து 2, 6, 8 கிலோமீட்டருக்கு அப்பால் உள்ள விவசாய நிலத்துக்கு மூலதன ஆதாய வரி இல்லை. எல்லைக்குள் இருந்தால் உண்டு. இரண்டாண்டுக்குள் வேறு விவசாய நிலம் வாங்கினால் சலுகை உண்டு. விலை பேசுவதற்கு முன் ஆடிட்டரைக் கேட்டுவிடுவது நல்லது.

பத்திரத்தில் எழுதும் தொகையிலும் மீதி நிலத்தின் கதி அடங்கியிருக்கிறது. முத்திரைத் தீர்வையைக் குறைக்க, உண்மையான விலையை மறைத்து வழிகாட்டி மதிப்பை மட்டும் எழுதுவது பரவலான வழக்கம். தீர்வை வாங்குபவர் செலவு, நமக்கென்ன என்று விற்பவர் கையெழுத்துப் போட்டுவிடுகிறார். 2013ஆம் ஆண்டுச் சட்டத்தின் 26ஆம் பிரிவு, அரசு நிலம் எடுக்கும்போது அதே பகுதியில் முந்தைய மூன்று ஆண்டுகளில் பதிவான கிரயப் பத்திரங்களில், கூடுதல் விலை காட்டிய பாதியை எடுத்து அவற்றின் சராசரியைப் பார்க்கச் சொல்கிறது. தச்சூர் சாலைக்குப் பின் எல்லைச் சாலை, அதற்குப் பின் இன்னொரு சிப்காட் என்று திட்டங்கள் வந்துகொண்டே இருக்கும் வட்டாரம் இது. சென்ட் இரண்டு லட்சத்துக்கு விற்று, முப்பதாயிரம் என்று எழுதிக் கையெழுத்திட்டவரின் பின்நிலத்தை அடுத்த திட்டத்துக்கு எடுக்க அதிகாரிகள் வரும்போது, சார்பதிவாளர் அலுவலகத்திலிருந்து அவர்கள் எடுத்துவரும் பத்திரங்களில் அவருடையதும் ஒன்றாக இருக்கும்.